ஒலிப்பதிவு நிழல் அல்ல
நேரடிக் கச்சேரிதான் அசல், ஒலிப்பதிவு அதன் நிழல் மட்டுமே என்று இசை கேட்பது பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் தீர்மானமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பியானோ மேதை கிளென் கூல்ட் 1964இல், தம் 31ஆம் வயதிலேயே கச்சேரி மேடையை விட்டு விலகி, 1982இல் மறையும் வரை ஒலிப்பதிவுக் கூடத்தையே தம் களமாகக் கொண்டார். ஒரே பகுதியைப் பலமுறை வாசித்து, அவற்றில் தேர்ந்தவற்றை இணைத்து அவர் உருவாக்கிய இசைக்கு மூலமான கச்சேரி என்று ஒன்று இல்லவே இல்லை என்னும்போது, அதை எதன் நிழல் என்பது? அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆப்பெரா அரங்கில், தரம் குறைந்த சிறிய பியானோவில், முன்கூட்டி எதுவும் எழுதிவைக்காமல் அந்த நொடியில் தோன்றியதையே வாசித்தார். பதிவு செய்திராவிட்டால் அது அன்றிரவு அரங்கில் இருந்தவர்களோடு முடிந்துபோயிருக்கும். அதற்காக, நல்ல பதிவு இருக்கும்போது பயணம் செய்து கேட்பது வீண் என்று அக்கட்டுரைக்கு மறுமொழியாக ஒரு வாசகர் எழுதியிருப்பதும் சரியன்று. 1963இல் திறக்கப்பட்ட பெர்லின் பில்ஹார்மனி அரங்கில் மேடையைச் சுற்றி நாற்புறமும் இருக்கைகள் உண்டு. இசைக்குழுவுக்குப் பின்புறம் நான் அமர்ந்திருந்தபோது, ஹார்ன் என்னும் பித்தளை ஊதுவாத்தியத்தின் வாய் பின்னோக்கியே இருப்பதால் அதன் நாதம் வயலின்களை மீறி நேராக என்னை வந்தடைந்தது. எந்தப் பதிவிலும் அந்த ஒலிச் சமநிலையை நான் கேட்டதில்லை. ஆனால் அன்று வாசிக்கப்பட்ட அதே படைப்பைப் பதிவில் பலகாலம் கேட்டுப் பழகியிருந்ததால்தான் அந்த வேறுபாடு என் காதுக்குப் பிடிபட்டது.