அரை அங்குலம் என்றால் எவ்வளவு?

உடைந்த ஒரு குழாயைச் சரிசெய்ய மூன்று முறை மார்த்தாண்டம் போய்வந்துவிட்டேன். ஆறு பஸ் பயணம், மூன்று நாள் விடுப்பு. இதை எழுதும்போதும் குளியலறைக் குழாய்க்கடியில் வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. அம்மா காலமான பிறகு வீடு என் பொறுப்புக்கு வந்தது. ஆடியிலும் ஐப்பசியிலும் மழை கொட்டுகிற மாவட்டம் இது. பழைய வீட்டில் ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கும். இந்த முறை, காற்றில் முறிந்த தென்னை மட்டை விழுந்து மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் நொறுங்கிவிட்டது. பிளம்பர் அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அரை இன்ச் குழாய் ஒரு நீளம், எல்போ இரண்டு, கப்ளிங் இரண்டு வாங்கி வையுங்கள்" என்றார். எங்கள் முக்குக் கடையில் ஆணியும் கயிறும் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையும்தான் கிடைக்கும். மார்த்தாண்டத்துக்குப் போனேன்.

அங்கே ஹார்டுவேர் கடையில் ஒப்பந்தக்காரர்களும் மேஸ்திரிகளும் சூழ்ந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் வந்த நான்கு பேர் பொருள் வாங்கிப் போன பிறகுதான் என்னைப் பார்த்தார்கள். "என்ன வேண்டும் அக்கா?" சொன்னேன். "எம்.டி.ஏ. வேண்டுமா, எஃப்.டி.ஏ. வேண்டுமா?" அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. "வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா? பிளம்பரை வரச் சொல்லுங்கள்" என்றார். காசு கொடுத்து வாங்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஒன்று வெளிப்பக்கம் மரை உள்ள ஆண் திருகு, மற்றது உட்பக்கம் மரை உள்ள பெண் திருகு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எடுத்துக் கொடுத்ததை வாங்கினேன். பத்து அடி நீளத்தைப் பஸ்ஸில் ஏற்ற முடியாதே என்று குழாயை மூன்று துண்டாக அறுத்தும் தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இது வெள்ளை பி.வி.சி. உங்கள் வீட்டில் இருப்பது சந்தன நிற சி.பி.வி.சி. இரண்டும் சேராது."

இரண்டுக்கும் பெயர் அரை அங்குலம்தான். ஆனால் அரை அங்குல சி.பி.வி.சி.யின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 16 மி.மீ. அதே அரை அங்குலம் என்று விற்கிற வெள்ளைக் குழாயின் வெளிவிட்டம் 21 மி.மீ.க்கு மேல். வெளிவிட்டத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., வராது. தோட்டத்துக் குழாயில் இதே அரை அங்குலம் 20 மி.மீ. ஆகிவிடுகிறது. வாங்குகிறவர் இதை எங்கே போய்ப் படித்துவிட்டு வருவார்? ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நின்றவருக்கு இது தெரியும். தினமும் நூறு பேருக்கு எடுத்துக் கொடுக்கிறவர். "வெள்ளையா, சந்தன நிறமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "அறுத்த குழாயைத் திரும்ப எடுக்கமாட்டோம்." அறுத்தது யார்?

அந்த இரண்டாவது முறையே, உடைந்த குழாயில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். குழாய் சரியாகக் கிடைத்தது. ஒட்டுகிற பசை மட்டும் பி.வி.சி.க்கு உரியது. "இதைப் போட்டால் வெயிலிலும் அழுத்தத்திலும் மூட்டு விட்டுவிடும்" என்று பிளம்பர் அண்ணன் தொட மறுத்தார். அவர் சொன்னது சரி. ஆனால் அவருக்கும் அந்த ஒரு ஞாயிறுதான் ஒழியும். இன்னொரு வாரம் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தேன்.

சிமெண்ட் கதையையும் சொல்லியாக வேண்டும். சுவரில் உடைத்த இடத்தைப் பூச ஐந்து கிலோ போதும். கடையில் இருப்பது 50 கிலோ மூட்டை. சில்லறையாகக் கேட்டதற்குப் பிரித்து வைத்த மூட்டையிலிருந்து அள்ளித் தந்தார்கள், பாதி கட்டி. மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், மூன்று மாதம் தாண்டினால் வலு குறையும் என்பதெல்லாம் கொத்தனார் சொல்லித்தான் தெரிந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த மூட்டை அவ்வளவு நாள்கூடத் தாங்காது.

மூன்றாவது முறை சரியான பசையும், குளியலறையில் தண்ணீர் திறக்கிற புதிய பித்தளைக் குழாய் ஒன்றும் வாங்கினேன். பில் கேட்டேன். "பில் என்றால் 18 சதவீதம் கூடும் அக்கா." பெட்டியில் அச்சிட்டிருக்கிற அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் சேர்ந்தது. அதன்மேல் இன்னொரு வரி கிடையாது. 200 ரூபாயும் அதற்கு மேலும் போகிற விற்பனைக்குப் பில் தருவது கடையின் கடமை. இதைச் சத்தமாகவே சொன்னேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பில் வாங்கிய பிறகுதான் படியிறங்கினேன்.

அந்தப் பித்தளைக் குழாயின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். மாட்டிய அன்றே கசிந்தது. போன் செய்தால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறது, பார்க்கவில்லையா?" என்கிறார்கள். பார்த்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்த்தேன். பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதில் இருக்கிறது. என் பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை. வாங்கி இன்றைக்கு ஒன்பது நாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். குழாய், பெட்டி, பில் மூன்றும் பையில் இருக்கின்றன. மாற்றித் தர மறுத்தால், அந்தக் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டே 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்வேன்.