அசைவு உணரி எல்லாத் துடிப்பையும் பார்ப்பதில்லை
இதயம் சீராகத் துடிக்க உடலுக்குள் பொருத்தும் கருவியான பேஸ்மேக்கரைப் பற்றிய ஒரு கட்டுரையில், 'இனி பேஸ்மேக்கர் இதயத்துடிப்பை மின்சாரத்தால் அல்ல, அசைவால்தான் கண்டுபிடிக்கும்' என்று இருப்பது பாதிதான் சரி. 2020ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைக்ரா ஏவி என்ற கம்பியில்லாக் கருவி, இதயத்தின் வலது கீழறைக்குள் உட்கார்ந்துகொண்டு கீழறைத் துடிப்பை இன்றும் மின்முனை வழியாகத்தான் அறிகிறது. மேலறையில் கம்பி கிடையாது. அதனால் மேலறை சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உண்டாகும் சின்ன அசைவை மட்டும் முடுக்கமானி என்ற அசைவு உணரி பிடிக்கிறது. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்துவிட்டால் அந்த அசைவே இருக்காது, அப்புறம் எதைப் பிடிப்பது? அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர், பேருந்து குலுங்கினால் அதையும் துடிப்பாக எண்ணிவிடாதா என்று கேட்டிருக்கிறார். கீழறைத் துடிப்புக்குப் பின் குறிப்பிட்ட நேரத்தில் வரும் அசைவைத்தான் அது தேடும், அவ்வளவு சுலபமாக ஏமாறாது. அவருடைய பயம் பழைய வகை பேஸ்மேக்கருக்குத்தான் அதிகம் பொருந்தும். அதில் உணரியின் வேலை உடல் அசைவைப் பார்த்துத் துடிப்பின் வேகத்தைக் கூட்டுவது மட்டுமே. என் அப்பாவுக்கு இருப்பது அதுதான். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் பையோடு ஒரு மணிநேரம் சுற்றுவார், ஒன்றும் ஆகாது. ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தாலோ ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். கால்தான் சுற்றுகிறது, நெஞ்சு அசைவதில்லை; ஐயா சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று கருவி நினைத்துக்கொள்கிறது! செட்டிங்கை மாற்றிய பிறகு பரவாயில்லை, ஆனாலும் அவர் அந்த சைக்கிள் பக்கம் போவதில்லை.