அந்தப் பறவை வரி மாயா ஏஞ்சலோ எழுதியது அல்ல

“பறவை பாடுவது தன்னிடம் விடை இருப்பதால் அல்ல, பாட்டு இருப்பதால்” என்ற வரி, அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவின் பெயரால் பரவி வருகிறது. 2015 ஏப்ரலில் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட அவரது நினைவுத் தபால்தலையில், உருவப்படத்தின் அருகிலேயே இவ்வரி அச்சாகியிருப்பதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தபால்தலை உண்மையானது, வரிதான் அவருடையதல்ல.

அதை எழுதியவர் குழந்தை இலக்கிய எழுத்தாளரான ஜோன் வால்ஷ் ஆங்லண்ட். 1967ல் வெளியான அவரது கவிதை நூலில் இவ்வரி உள்ளது. தபால்தலை வெளியானபோது அவரே இதை உறுதிப்படுத்தினார். அஞ்சல் துறையோ தபால்தலையைத் திரும்பப் பெறவில்லை.

குழப்பத்துக்குக் காரணம், 1969ல் வந்த ஏஞ்சலோவின் தன்வரலாற்று நூலான ‘கூண்டுப் பறவை ஏன் பாடுகிறது என்று எனக்குத் தெரியும்’ என்பதன் தலைப்பிலும் பாடும் பறவை இருப்பதாகவே இருக்க வேண்டும். ஆனால் அப்பறவை வேறு. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பர், 1899ல் வெளியிட்ட ‘பரிவு’ என்ற கவிதையிலிருந்து ஏஞ்சலோ அத்தலைப்பை எடுத்தார். கம்பிகளில் இரத்தம் படியும்வரை சிறகடிக்கும் அக்கூண்டுப் பறவையின் பாட்டு மகிழ்ச்சிப் பாட்டல்ல, நெஞ்சின் ஆழத்திலிருந்து எழும் மன்றாட்டு என்கிறார் டன்பர். சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பேச்சையே நிறுத்திவிட்டிருந்த ஏஞ்சலோ, அந்த மௌனக் காலத்தில் விரும்பிப் படித்த கவிஞர்களில் டன்பரும் ஒருவர்.