அரை மணியில் நீராவி ஏறாது
காலையில் தீ மூட்டினால் அரை மணியில் பழைய நீராவி வண்டிகள் அணிவகுப்புக்குத் தயார் என்று ஒரு கட்டுரையில் வருவது, முந்தின நாள் சூடு கொதிகலனில் மிச்சம் இருந்தால் ஒருவேளை நடக்கும். பச்சைத் தண்ணீரில் தொடங்கினால் சாலையில் ஓடும் நீராவி இன்ஜினுக்கே இரண்டரை, மூன்று மணி நேரம் வேண்டும், ரயில் இன்ஜினுக்கு இன்னும் கூடுதல். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால், தீ எரியும் நெருப்பறை முந்திக்கொண்டு விரியும், கொதிகலனின் அடிப்பக்கம் குளிர்ந்தே கிடக்கும், குழாய் முனைகள் கசியத் தொடங்கும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், முன்பு நீராவி ரயில் ஓடிய செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் ஏற்றம்தான் சிக்கல் என்கிறார். ஏற்றம் இன்ஜினின் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். உயிருக்கு உலை வைப்பது இறக்கம். புகைபோக்கி முன்னால் இருக்க ஏறும்போது தண்ணீர் பின்பக்கம் சேர்வதால், அங்கே ஓட்டுநர் பக்கம் உள்ள மட்டக் கண்ணாடியில் தண்ணீர் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பகவதிபுரம் ஏற்றம் முடிந்து ஆரியங்காவு தாண்டி இன்ஜினின் மூக்கு கீழே சாய்ந்ததும் அதே தண்ணீர் முன்னே ஓடிவிடும், பின்பக்கம் உள்ள நெருப்பறையின் கூரைத் தகடு வறண்டுபோகும். அந்தத் தகட்டில் பாதுகாப்புக்காகப் பொருத்திய, ஈயம் வைத்த திருகு உருகி நீராவி தீயின் மேல் பாய்ந்தால் அது நல்ல காலம், இல்லையென்றால் தகடே இளகி வெடிக்கும். அதனால் உச்சி வருமுன்பே, கொதிகலனுக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்து தண்ணீர் ஏற்ற வேண்டும். அதற்காகக் கண்ணாடி மறையும் அளவுக்கு நிரப்பினாலும் வம்புதான்: தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் மூடி தெறித்துவிடும்.