கேட்ட பாட்டயே கேக்க எதுக்கு இத்தன தூரம் போறன்னு கேக்கறவங்களுக்கு

"ஏங்கண்ணு, அதே ஆளுங்க, அதே பாட்டு, போன மாசந்தான போய்ட்டு வந்த, மறுக்காவும் என்னத்துக்கு?" பேண்டு மேடைல வாசிக்கறத நேர்ல கேக்க நான் பெங்களூருக்குக் கெளம்பறப்ப எங்கம்மா கேட்டது இது. ஆபீஸ்ல பேட்டர்ன் மாஸ்டர் அண்ணனும் இதையேதான் கேட்டாரு. பல்லடத்துல ஒரு கல்யாணத்துல ஒறம்பரைக்காரங்க பந்தில ஒக்காந்துட்டு இதையே கேட்டாங்க, யூடியூப்ல ஓசில கெடைக்கறத காசு குடுத்து நின்னுட்டே கேக்கறயான்னு. எலைல சோறு வெச்சுட்டு இதுக்கெல்லாம் பதில் சொல்ல முடியல, அதனால இங்க எழுதறேன். நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

எங்க அம்மாயிக்கு, அம்மாவப் பெத்தவங்களுக்கு, ஊரு வெள்ளகோயில் பக்கம். அவங்க வயசுப்புள்ளையா இருந்தப்ப கோயில் நோம்பி சாட்டுனா அண்ணமார் கதை உடுக்கைப்பாட்டு வெப்பாங்க, ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி இல்லைங்க, வாரக்கணக்குல போகும். அம்மாயிக்கு ஒரு பாட்டுக்காரரு மேல அவ்வளவு பிரியம், அவரு எந்த ஊர்ல பாடுனாலும் இவங்களும் கூட்டாளிப் புள்ளைங்க நாலஞ்சு பேரும் அரிக்கேன் லைட்ட புடிச்சுட்டு காட்டு வழில நடந்தே போய்ருவாங்களாம். கதை என்னன்னு தெரியாத ஆளு அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் இல்ல. அண்ணன் தம்பி பொன்னரும் சங்கரும் படுகளத்துல விழுவாங்க, தங்கச்சி தங்காள் வந்து எழுப்புவா, இது கொங்கு நாட்டுல பொறந்த கொழந்தைக்கும் தெரியும். நானும் சின்னப்புள்ளைல கேட்டேன், தெரிஞ்ச கதைய கேக்கறதுக்கு எதுக்கு அம்மாயி அவ்வளவு தூரம் நடந்தீங்கன்னு. "ஒரு ஊர்ல தங்காள அர மணி நேரம் அழுவ உட்டான் கண்ணு. அடுத்த ஊர்ல அதையே ஒத்த வரில சொல்லி உடுக்கைய நிறுத்திப்போட்டான், அப்பத்தான் எங்களுக்கெல்லாம் ஒடம்பே நடுங்குச்சு"ன்னாங்க. அந்த ஒத்த வரி எப்ப வரும்னு பாட்டுக்காரருக்கே தெரியாதாம், கூட்டத்தோட மூஞ்சிய பாத்துட்டு தான் முடிவு பண்ணுவாராம்.

எனக்கு இது புரிஞ்சது பெங்களூர்ல ஒரு கிளப்புல மொத மொத அகம் பேண்டு பாக்கப் போன அன்னிக்கு. அகம் தெரியாதவங்களுக்கு சொல்றேன், கர்நாடக சங்கீதத்தையும் ராக்கையும் சேத்து வாசிக்கற பெங்களூர் பேண்டு, 2003ல ஆரம்பிச்சது, 2007ல சன் டிவில ஏ.ஆர்.ரஹ்மான் நடுவரா இருந்த பேண்டு போட்டில ஜெயிச்சு வெளிய தெரிய வந்தாங்க, மொத ஆல்பம் வந்ததே 2012லதான். பாடறவரு ஹரீஷ் சிவராமகிருஷ்ணன், நம்ம பாலக்காட்டுக்கு அந்தாண்ட ஷொர்ணூர்க்காரரு. பல வருஷம் பகல்ல வேலைக்குப் போய்ட்டே வாசிச்ச ஆளுங்க இவங்க. அந்த ஆல்பத்த நான் திருப்பூர்ல ஷிப்மென்ட் ராத்திரிகள்ல ஹெட்ஃபோன்ல தேயத் தேயக் கேட்டிருக்கேன், எந்த எடத்துல ட்ரம்ஸ் உள்ள வரும், எந்த எடத்துல கிடார் நிக்கும்னு மனப்பாடம். அப்படிப்பட்டவ அன்னிக்கு அந்த ஹால்ல தில்லானா நடக்கறப்ப, இப்ப முடியப் போகுதுன்னு மூச்ச விட்டுட்டு கை தட்ட ரெடியா நிக்கறேன், முடிக்கல. தாளம் மட்டும் தனியா போச்சு, பாடறவரு ஸ்வரம் பாட கிடாருக்காரரு அதையே திருப்பி வாசிக்க, அவரு இன்னொன்னு குடுக்க, இவரு வேற எங்கயோ கொண்டு போக, எத்தன நிமிஷம் போச்சுன்னு தெரியலைங்க, என் பக்கத்துல நின்ன பையன் ரெண்டு கையையும் தலைல வெச்சுட்டு நிக்கறான். ஆல்பத்துல இதெல்லாம் இல்ல. அன்னிக்கு அந்த ஹால்ல இருந்தவங்களுக்கு மட்டும் கெடைச்சது அது.

மேடைல ஒவ்வொருத்தரு காலுக்கடியிலயும் ஒரு பேப்பர ஒட்டியிருப்பாங்க, செட்லிஸ்ட்டுனு சொல்லுவாங்க, அன்னிக்கு என்னென்ன பாட்டு எந்த வரிசைலன்னு அதுல இருக்கும். சின்ன கிளப்புல மேடை இடுப்பு ஒசரந்தான், மொத வரிசைல நின்னா அந்தப் பேப்பர தலைகீழா படிச்சிரலாம். ஷோ முடிஞ்சு ஒயர் சுத்த வர்ற பசங்ககிட்ட கேட்டா உரிச்சுக் குடுப்பாங்க. பல பேண்டுகளோடது என்கிட்ட ஆறு இருக்குது, ஆபீஸ்ல துணிக் கலர் மாதிரி ஒட்டுன ஷேட் கார்டு வெக்கற அதே பிளாஸ்டிக் ஃபைல்ல வெச்சிருக்கேன். ஒன்னுல ஷூ தடம் அப்படியே இருக்குது. இன்னொன்னுல ரெண்டு பாட்ட பேனால அடிச்சுட்டு மூணாவதா வேற ஒன்ன கைல எழுதியிருக்காங்க, அன்னிக்கு மேடைக்குப் பின்னாடி என்னமோ பேசி மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். ஒரே பேண்டோட ரெண்டு பேப்பர பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா போன தடவ கடைசில வெச்ச பாட்ட இந்தத் தடவ மொதல்ல தூக்கிப் போட்டிருப்பாங்க. அதே பாட்டு மொதல்ல வந்தா கூட்டம் ஒரு மாதிரி இருக்கும், எல்லாரும் வேர்த்து வெறுவெறுத்த பொறகு வந்தா வேற மாதிரி இருக்கும். இத ரெண்டு தடவ போனவங்கதான் சொல்ல முடியும்.

சத்தத்தப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இத யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க. சின்ன ஹால்ல முன்னாடி நின்னா கிக் ட்ரம், கால்ல மிதிச்சு அடிக்கற பெரிய ட்ரம், காதுல கேக்கறத விட நெஞ்சுக்கூட்டுல விழறதுதான் ஜாஸ்தி, ஆனா பாடறவரு கொரல் கம்மியாத்தான் கேக்கும், பெரிய ஸ்பீக்கர் ரெண்டும் நம்மளத் தாண்டி பின்னாடி இருக்கறவங்கள பாத்துட்டு நிக்கும், நமக்கு நேரா வர்றது ட்ரம்ஸோட சொந்த சத்தமும் கிடாரோட சொந்த ஸ்பீக்கர் பொட்டி சத்தமுந்தான். எல்லாம் செரியான அளவுல வேணும்னா எல்லா சத்தத்தையும் கூட்டிக் கொறைக்கற மிக்ஸர் மெசின் வெச்சிருக்கற சவுண்டு இன்ஜினியர் பக்கத்துல போய் நில்லுங்க, அவரு காதுக்கு என்ன வருதோ அதுதான் நம்மளுக்கும். செவுத்து மூலைல நின்னா பேஸ்ங்கற அடிச்சத்தம் குவிஞ்சு போய் எல்லாத்தையும் முழுங்கிரும். நான் பாதி ஷோ முன்னாடி, பாதி ஷோ மிக்ஸர் பக்கம். காதுல ஃபோம் ப்ளக் கண்டிப்பா வெச்சுக்குவேன், நிட்டிங் மெசின் ஓட்டறவங்களுக்கு கம்பெனில குடுப்பாங்களே, அதேதான். ஆட்டம் பாட்டம் நடக்கற எடங்கள்ல சராசரி சத்தம் 100 டெசிபலத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லியிருக்குது, 100ங்கறதே சாதாரண சத்தம் இல்லைங்க. மறுநாள் காது கொய்ங்குனு இருந்தா பெருமையா ஸ்டேட்டஸ் போடற தம்பிங்களா, அது பெருமை இல்ல, காது போனா திரும்பி வராது, இன்னும் இருவது வருஷம் கேக்க வேண்டியது இருக்குது.

அப்பறம் டீ சர்ட்டு. திருப்பூர்க்காரி, சும்மா இருப்பனா. வாசல்ல மேசை போட்டு விக்கறத எடுத்து மொதல்ல கழுத்து ரிப்ப இழுத்துப் பாப்பேன், திரும்பி வருதான்னு. துணி கனம் 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், இருக்குதா, பிசிறு போக பயோ வாஷ் பண்ணிருக்காங்களா, பிரிண்ட்ட சூட்டுல செரியா க்யூர் பண்ணிருக்காங்களான்னு நகத்துல லேசா இழுத்துப் பாப்பேன், சூடு பத்தாம எடுத்திருந்தா நாலு தொவையல்ல பாளம் பாளமா வெடிச்சிரும். பாட்ட ஆன்லைன்ல ஆயிரம் தடவ கேட்டாலும் பேண்டுக்கு வர்றது சில்லறை. நீங்க அந்த மேசைல ஒரு டீ சர்ட்டு வாங்குனா வண்டி வாடகைல ஒரு பங்கு அப்பவே கைக்கு வந்துரும். பிரிண்ட் மோசமா இருந்தா சொல்லுங்க, ஆனா வாங்கிட்டு சொல்லுங்க.

பொம்பளப்புள்ள ராத்திரில கிளப்புக்கு எப்படிப் போறன்னு இன்பாக்ஸ்ல கேக்கறாங்க. மூணு பேரு ஒட்டுக்கா போவோம், ஒட்டுக்கா வருவோம், ஒருத்தி தண்ணி வாங்கப் போனாலும் கூட ஒருத்தி போவா. ஷோ முடிஞ்சா மடிவாளால நைட் பஸ் ஏறுனா விடியறப்ப பெருமாநல்லூர் பைபாஸ்ல எறக்கி விட்டுருவான், அங்க ஒரு டீ, ஊட்டுக்குப் போய் குளிச்சுட்டு ஒரு தூக்கம். ஒரே ஒரு தடவ ஒருத்தன் கூட்டத்துல எங்கள இடிச்சுட்டே நின்னான், முன்னாடி நின்ன முன்னப் பின்ன தெரியாத ரெண்டு மலையாளிப் பொண்ணுங்க எங்கள நடுவுல இழுத்துக்கிட்டு சுத்தி நின்னாங்க. ஒருத்தி இப்ப எனக்கு நல்ல சிநேகிதி, நான் கொச்சிக்குப் போனா அவ ஊட்டுலதான் தங்கறேன்.

இப்ப நம்மூரு விசயத்துக்கு வர்றேன், இங்கதான் எனக்கு வயிறு எரியுது. கோயமுத்தூர்ல பேண்டு வந்தா எங்கங்க வருது? காலேஜ் கிரவுண்டு, இல்லாட்டி மால். ஒரு நிகழ்ச்சிக்கு ஆசையா போனேன், எங்கன்னு வேண்டாம். மேடைக்கு முன்னாடி மூணு வரிசை சோபா, அதுல விருந்தாளிங்க, அதுக்குப் பின்னாடி கம்பு கட்டி கயிறு, கயித்துக்குப் பின்னாடிதான் அந்த பேண்டோட ஒவ்வொரு பாட்டும் தெரிஞ்ச பசங்க. ஆறரைக்குன்னு போட்டுட்டு சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போத்தி, பேசி முடிக்கறப்ப மணி ஒம்பதே கால். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி தெறந்த வெளில ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாது, அது செரியான விதிதான், பக்கத்துல கொழந்தைங்க தூங்கோணும், ஆஸ்பத்திரி இருக்கும், நான் அத தப்புன்னே சொல்ல மாட்டேன். ஆனா அந்த லேட்டுக்கு பேண்டோட நேரத்துல கை வெச்சாங்க பாருங்க, ரெண்டு மணி நேரம் வாசிக்க வந்தவங்க முக்கா மணி நேரத்துல எறங்கிட்டாங்க. நடுவுல சோபால இருந்து துண்டுச் சீட்டு வேற போகுது, சினிமா பாட்டு பாடச் சொல்லி. சொந்தமா பாட்டு எழுதி ஊரூரா தூக்கிட்டுத் திரியறவங்ககிட்ட போய் அந்தச் சீட்ட நீட்டாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். நம்மூர்ல சினிமாப் பாட்டுக்கு அருமையான ஆர்க்கெஸ்ட்ராக்காரங்க இருக்காங்க, நோம்பிக்கு நோம்பி விடிய விடிய வாசிக்கறாங்க, நானும் தரைல ஒக்காந்து கேப்பேன். அது வேற, இது வேற.

எரநூறு முந்நூறு பேரு நின்னு கேக்கற மாதிரி, சத்தம் வெளிய போகாம அடைச்ச ஒரு சின்ன ஹால், அவ்வளவுதான் நான் கேக்கறது. அப்படிப்பட்ட எடங்க எளிதுல நெலைக்கறதில்லன்னும் தெரியும். மும்பைல ப்ளூ ஃப்ராக் 2007ல தொறந்தாங்க, 2016ல மூடியாச்சு. பெங்களூர் இந்திராநகர்ல தி ஹம்மிங் ட்ரீ 2013ல வந்து 2019ல மூடுனாங்க. அத்தன கூட்டம் இருக்கற ஊர்லயே அந்தக் கதைன்னா நம்மூர்ல தொறக்கறவரு எத்தன தைரியமா இருக்கணும். அதனாலதான் ஓசி பாஸ் இருக்குதான்னு கேக்கறவங்க மேல எனக்குக் கோவம் வருது. ஒரு நல்ல ஓட்டல்ல நாலு பேரு சாப்பிட்டா ஆகற காசுக்குக் கீழதான் டிக்கெட்டு. வாங்குங்க.

பெரிய ஹால் இல்லாட்டியும் நம்மூர்ல பேண்டு இல்லாம இல்லைங்க. பீளமேட்டுப் பக்கம் ஒரு காபிக்கடை மாடில சனிக்கெழமைகள்ல வாசிக்கற நாலு பசங்க இருக்காங்க, அவங்ககிட்ட கேக்காம பேரு போட மனசில்ல. மொத தடவ போனப்ப கடைக்காரரையும் சேத்து இருவத்தி மூணு பேரு, நானே எண்ணுனேன். அன்னிக்கு கடைசியா ஒரு பாட்டு, ட்யூன் மட்டுந்தான் இருக்குது, வார்த்தை இல்ல, அந்தத் தம்பி கண்ண மூடிட்டு "லாலலா"ன்னே முழுசா பாடி முடிச்சான். கிடார்ல அதே மூணு கோர்டு சுத்திச் சுத்தி வருது, என்னமோ தேடற மாதிரி. ஊட்டுக்கு வந்த பொறகும் அது தலைல இருந்து போகல.

ரெண்டு மாசம் கழிச்சுப் போனப்ப "லாலலா" இருந்த எடத்துல பல்லவிக்கு வார்த்தை வந்திருந்துச்சு. நொய்யலப் பத்தி. எங்க தாத்தா குளிச்ச ஆத்துல நான் காலக் கூட வெச்சதில்லன்னு வர்ற மாதிரி. நான் திருப்பூர்ல பொறந்தவங்க, ஒரு நாளு செவப்பு ஒரு நாளு நீலம்னு சாயம் கலந்து ஆத்துத் தண்ணி போறத பாலத்து மேல நின்னு பாத்துட்டே பள்ளிக்கூடம் போனவ. 2011ல கோர்ட்டு உத்தரவு போட்டு சாயப்பட்டறைங்கள மூடுனப்ப எங்கப்பாவுக்கு மாசக்கணக்குல வேலை இல்ல. அந்த ஆத்த நெனச்சு அழுவறதா, அந்த வேலைய நெனச்சு அழுவறதான்னு எங்க ஊட்டுலயே ரெண்டு கட்சி. அந்தப் பாட்டு முடிஞ்சதும் நான் கை தட்டலைங்க, கை வரல. அப்பறமா போய் அந்தத் தம்பிகிட்ட எங்கப்பா கதைய சொன்னேன். அவன் ஒன்னும் பேசாம கேட்டுட்டு ஃபோன எடுத்து என்னமோ குறிச்சுக்கிட்டான்.

மூணாவது தடவ போனப்ப ரெண்டு சரணம் ஆயிருந்துச்சு. ரெண்டாவதுல பட்டறை பூட்டுன அன்னிக்கு சாப்பாட்டுத் தூக்கோட அப்பன் திரும்பி நடந்து வர்றான். எங்கப்பா தூக்கு எடுத்துட்டுப் போனதில்ல, டிபன் பாக்ஸ்தான், ஆனா அது அவருதான். மூணாவது சரணம் வர வேண்டிய எடத்துல இன்னும் "லாலலா"தான் பாடறான்.

இந்த சனிக்கெழம மறுபடி வாசிக்கறாங்க. எங்கப்பாவ கூட்டிட்டுப் போறேன், மாடிப்படி ஏற முடியுமான்னு கடைக்காரர்கிட்ட கேட்டு ஒரு சேர் போட்டு வெக்கச் சொல்லியிருக்கேன், மிக்ஸர் பக்கத்துலயே.