உண்மை விளக்கம்: 1942-இல் சிகாகோ அணு உலை வெடிக்கவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 1942-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதல் அணு உலை வெடித்து மாணவர்கள் செத்தார்களாம். தப்பு. எதுவும் வெடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. அண்ணன் மகன் இதைப் பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

டிசம்பர் 2 அன்று, விளையாட்டரங்கப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் ஆடுகளத்தில்தான் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலையை இயக்கினார்கள். கரிய கிராஃபைட் கட்டிகள் அடுக்கடுக்காக, இடையிடையே யுரேனியம். அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களை உறிஞ்சிக்கொள்ளும் காட்மியம் தடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்க இழுக்க, நியூட்ரான் எண்ணும் கருவியின் டிக் டிக் சத்தம் நெருங்கியது. தடிகளை உள்ளே விட்டதும் உலை அடங்கிவிட்டது. கிடைத்த சக்தி அரை வாட்தான்! விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டுவோமே, அந்த விளக்குக்கே அது காணாது.

அப்புறம் 1943-இல் உலையைப் பிரித்து நகருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டினார்கள். முதல் அணுகுண்டு வெடித்தது 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனத்தில்.