பானையில் மட்டும் ஒட்டும் பெயிண்ட்

(பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டேஷனரி கடை, போகிக்கு முந்தின நாள் சாயங்காலம். மணிவண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கிறார். பொங்கல் லீவு விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அப்பாக்களை யார் கேட்கிறார்கள்?)

மணி: அண்ணாச்சி, பெயிண்ட் வேணும். பானையில் ஒட்டணும், சுவரில் ஒட்டக்கூடாது, சட்டையில் ஒட்டக்கூடாது, சோபாவில் ஒட்டவே கூடாது.

அண்ணாச்சி: அப்படி ஒன்று வந்தால் முதல் டப்பாவை நானே எடுத்துக்கொள்வேன் தம்பி. எத்தனை பிள்ளைகள்?

மணி: என்னுடையது இரண்டுதான். பானைக்குக் கலர் அடிக்கப்போகிறோம் என்று சின்னவள் மாடிப்படியில் நின்று தெருவுக்கே அறிவித்துவிட்டாள், இப்போது ஏழு.

அண்ணாச்சி: இதோ போஸ்டர் கலர். துணியில் பட்டாலும் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

மணி: கொடுங்க, கொடுங்க!

அண்ணாச்சி: ஈரக்கை பட்டால் பானையிலிருந்தும் போய்விடும்.

மணி: அப்போ அது?

அண்ணாச்சி: அக்ரிலிக். காய்ந்தால் கழுவினாலும் போகாது. சட்டையில் பட்டால் ஈரத்தோடு சோப்புப் போடணும், காய விட்டால் அப்புறம் அந்தச் சட்டைக்கு அதுதான் டிசைன்.

மணி: சரி, அதுவே இருக்கட்டும். பானை வாங்கியாச்சு, காருகுறிச்சிப் பானை. இன்றைக்கே அடித்து முடித்துவிடுவோம்.

அண்ணாச்சி: நேராக அடித்தால் முதல் பூச்சு முழுக்கப் பானையே குடித்துவிடும், மண்ணாச்சே. ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு கை பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு கலரைத் தொடுங்க.

மணி: காய்கிற வரைக்கும் ஏழு பேரை நான் எங்கே கட்டி வைப்பது?

அண்ணாச்சி: அதற்குத்தான் வெண்டைக்காய்.

மணி: பொரியலா?

அண்ணாச்சி: அச்சு! குறுக்கே வெட்டிக் கலரில் தொட்டுக் காகிதத்தில் ஒற்றினால் பூ விழும். முற்றினதாகப் பார்த்து வாங்குங்க, பிஞ்சு நசுங்கிவிடும். பாதி வெங்காயத்தில் வட்டத்துக்குள் வட்டம் வரும், உருளைக்கிழங்கில் சூரியனே செதுக்கலாம், ஆனால் கத்தி உங்கள் கையில் இருக்கட்டும், செதுக்கின ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் கலர் வழுக்கிக்கொண்டு ஓடும். மாவிலை என்றால் நரம்பு புடைத்த பின்பக்கத்தில் கலர் பூசணும்.

மணி: பொங்கலுக்கு வாங்கி வைத்த காய் எல்லாம் போச்சு. சரி, 12 கலர் பெட்டி ஒன்று போடுங்க.

அண்ணாச்சி: எதற்கு? சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை போதும், மற்றது கலந்துக்கலாம். 12 கலர் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சாணிக் கலர் கொண்டு வந்துவிடுவார்கள்.

(இப்படி வியாபாரம் செய்கிற கடை எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை. ஓடுகிறது.)

மணி: அதெல்லாம் நடக்காது. முதலில் நான் ஒரு பானையில் சூரியன், இரண்டு பக்கமும் கரும்பு, கீழே கோலம் என்று சாம்பிள் போடுவேன், பார்த்து அத்தனை பேரும் அப்படியே போடணும், ஏழு பானையையும் வரிசையாக வைத்து ஸ்டேட்டஸ்!

அண்ணாச்சி: டைனோசர் வரைவார்கள் தம்பி.

மணி: பொங்கல் பானையில் டைனோசரா?

அண்ணாச்சி: கரும்பு தின்கிற மாதிரி வரையச் சொல்லுங்க, முடிஞ்சுது.

மணி: வரைந்த பானையிலேயே பொங்கல் வைக்கலாம்தானே?

அண்ணாச்சி: அடுப்பில் ஏற்றினால் பால் பொங்கும் முன்னே புகை பொங்கும். பேனா பென்சில் போட்டு வைங்க.

(போன் அடிக்கிறது. மணி ஸ்பீக்கரில் போடுகிறார்.)

சின்னவள்: அப்பா, நீங்க வர லேட் ஆகுதுன்னு மஞ்சள் தூளைக் கரைச்சு ஆரம்பிச்சுட்டோம்!

மணி: எதில்? பானையிலா?

சின்னவள்: பானை எட்டலை. ஹால் சுவரில்.

அண்ணாச்சி: சோப்பு மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்க! சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும்!

சின்னவள்: அம்மா சோப்புப் போட்டுத் தேய்ச்சாங்களே, அதான் போன் பண்ணினேன். சிவப்பும் வந்திடுச்சுப்பா!

(மணி ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார். அண்ணாச்சி பில்லை எடுத்து இரண்டு வரியை அடிக்கிறார்.)

அண்ணாச்சி: மஞ்சளும் சிவப்பும் கழிச்சாச்சு. நீலமும் வெள்ளையும் மட்டும் கட்டட்டுமா?